நகரத்துக் காட்டுக்கு நாற்று யார் தருவது?

சென்ற மாதம் ஒரு கிராமத்தில் மரப்பயிர் பற்றிய கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒன்றரை ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்: "டவுனில் காடு வளர்க்கிறோம் என்று அடிக்கடி பேப்பரில் படம் வருகிறது. அரை ஏக்கரில் காடு என்கிறார்கள். அதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் ஐயா?"

சம்பந்தம் உண்டு என்பதே என் கருத்து. நகரங்களில் நடப்பட்ட காடுகள் பல இடங்களில் இரண்டாவது கோடையைத் தாண்டாமல் பட்டுப்போகின்றன. அந்தந்த வட்டார நிலத்தையும் மழையையும் அறிந்த விவசாயியைக் கேட்காமல் மேஜைமேல் அவை திட்டமிடப்படுவதுதான் இதற்குப் பெரிய காரணம். அத்தகைய மேஜை ஒன்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது நகரங்களில் அதிகமாகப் பேசப்படுவது மியாவாக்கி முறை. ஜப்பான் நாட்டுத் தாவரவியல் அறிஞர் அகிரா மியாவாக்கி உருவாக்கியது. 1928-ல் பிறந்த அவர் 2021-ல் காலமானார். தம் நாட்டுக் கோயில்களைச் சுற்றி வெட்டாமல் விடப்பட்டிருந்த தோப்புகளை அவர் ஆராய்ந்தார். அந்தந்த மண்ணுக்கு உரிய பழைய காடு எது என்பதற்கு அத்தோப்புகளே சாட்சி என்று கண்டார். நம் ஊர்க் கோயில் காடுகளும் அதே வகையைச் சேர்ந்தவைதான். அங்கிருந்து விதை எடுத்து, நாற்று வளர்த்து, நிலத்தை ஆழமாகக் கிளறி, மக்கும் பொருள்களைச் சேர்த்து, ஒரு சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கன்றுகள் வீதம் பலவகை மரங்களையும் கலந்து நட்டார். மேலே வைக்கோல் மூடாக்கு. இரண்டு மூன்று ஆண்டுகள் களையெடுப்பு. அதன்பின் காடு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் முறை. கன்றுகள் முழங்கால் உயரம் இருந்தாலே அவருக்குப் போதும். பைக்குள் வேர் நன்றாக இறங்கியிருக்கிறதா என்றுதான் அவர் பார்த்தார்.

இம்முறையில் குறை காண நான் வரவில்லை. ஆனால் நம் ஊரில் இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் நெருக்கமாக நடுவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சொந்த மண்ணின் கோயில் தோப்பைப் பார், அதன் விதையை எடு என்பதை விட்டுவிட்டார்கள்.

நெருக்கக் கணக்கை முதலில் பார்ப்போம். ஒரு செண்ட் நிலம் சுமார் 40 சதுர மீட்டர். அதில் 120 முதல் 200 கன்றுகள். ஏக்கருக்கு 12,000 முதல் 20,000 வரை ஆகும். நாம் வயலில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளி விட்டு நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 450 மரங்கள்தான் வரும். இவ்வளவு கன்றுகளுக்கும் தண்ணீர் எங்கிருந்து? லாரியிலிருந்து என்கிறார்கள். 12,000 லிட்டர் லாரி ஒன்றைக் கொண்டுவந்து ஒரு ஏக்கரில் பரப்பினால் அது 3 மி.மீ. மழைக்குச் சமம். சித்திரை வெயிலில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஒரே நாளில் 6 முதல் 8 மி.மீ. வரை ஆவியாகிறது. அதாவது ஒரு லாரித் தண்ணீர் அரை நாளைக்கே சரியாகப் போகும். மாறாக, ஒரே நாளில் 50 மி.மீ. மழை பெய்து அது அந்த ஏக்கரை விட்டு வெளியேறாமல் நின்றால், 2 லட்சம் லிட்டர் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. ஏறக்குறைய 17 லாரித் தண்ணீர்! வரப்பு போடத் தெரிந்தவனுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் நகரத்தில் காடு அமைக்கும் இடங்களில் வரப்பைக் காண்பது அபூர்வம். நடைபாதைக்கு ஓடு பதிப்பதற்கு இருக்கும் அக்கறை வரப்புக்கு இல்லை.

புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லுக்கு நீங்கள் போயிருக்கலாம். 1968-ல் அந்த ஊர் தொடங்கியபோது அது ஓடை அரித்த செம்மண் மேடு. நிழலுக்குக்கூட மரம் அரிதாக இருந்த இடம். அங்கு வந்தவர்கள் மழைநீரை மறிக்கும் வரப்புகளுக்கும் தடுப்பணைகளுக்கும் முதலிடம் கொடுத்தார்கள். வறட்சியைத் தாங்கி வேகமாக வளரும் கத்திக் கருவேல் போன்ற மரங்களை நிழலுக்காக நட்டார்கள். அந்த நிழலில்தான் அப்பகுதிக்கே உரிய மரங்களைப் பின்னர் கொண்டுவந்தார்கள். அந்த மரங்களுக்கு விதை எங்கிருந்து கிடைத்தது? சுற்றியிருந்த கோயில் காடுகள்தான் உதவின. மரக்காணம் போகும் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் தோப்பைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வீரை, காசா, உலக்கைப் பாலை போன்றவை கிளையோடு கிளை பின்னி, நடுப்பகலிலும் நிழல் கட்டி நிற்கும் காட்டு வகை அது. உலர் பசுமைக் காடு என்பார்கள். சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவில் சுமார் 270 ஹெக்டேரில் எஞ்சியிருப்பதும் இவ்வகைக் காடே. ஆகவே, கடற்கரை மாவட்டங்களில் உள்ள நகரங்கள் நெருக்கமான தோப்பு அமைப்பது அந்த மண்ணுக்கு ஒத்துப்போகும். மியாவாக்கி முறை அங்கே பொருந்துவதற்கு நியாயம் இருக்கிறது.

உள்நாட்டில் அப்படியல்ல. காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்து விவசாயிகளுக்குக் கொரங்காடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டுக்கு 600 மி.மீ. அளவே மழை பெய்யும் மேட்டுநிலத்தில் சுற்றிலும் முள்கிளுவை வேலி; உள்ளே கொழுக்கட்டைப் புல்; இடையிடையே தள்ளித் தள்ளி வெள்வேல மரங்கள். காங்கயம் மாடும் செம்மறியும் அதில் மேயும். வெள்வேலங்காய் உதிர்ந்தால் ஆட்டுக்குத் தீனி. மரம் மண்ணுக்கு நிழல் தருகிறது. புல் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. வேலி காற்றைத் தடுக்கிறது. எந்த நிபுணரும் வரைபடம் போட்டுக் கொடுக்காமல் தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் அமைத்த காட்டு அமைப்பு இது. உலர்ந்த நிலத்தில் காடு என்பது இடைவெளியும் புல்லும் சேர்ந்ததுதான் என்பதை அது காட்டுகிறது. அங்கே சதுர மீட்டருக்கு 4 கன்றுகளை நட்டால், தண்ணீர் ஊற்றும் வரை பச்சையாக இருக்கும். நிறுத்திய அன்றிலிருந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் போன்ற நகரங்களில் நான்கு ஏக்கர் காலியிடம் கிடைத்தால் கொரங்காட்டையே மாதிரியாகக் கொள்ளலாம் என்பது என் துணிபு. ஓரத்தில் கிளுவை, நொச்சி, ஆடாதோடை, களா என்று அடர்ந்த வேலி. கம்பி வேலிக்குச் செலவிடும் பணம் இதில் மிஞ்சும். தூசியும் உள்ளே வராது. வரப்பு மறிக்கும் பள்ளமான பகுதியில் நாவல், மருது, புங்கம், இலுப்பை ஆகியவற்றைச் சற்று நெருக்கமாக வைக்கலாம். மேட்டில் வெள்வேல், வேம்பு, ஆத்தி, வெப்பாலை ஆகியவற்றைத் தள்ளி நட்டு, நடுவே புல்லை விட்டுவிட வேண்டும். நடக்க வருகிறவர்களுக்கு அந்தப் புல்வெளி வழியாகவே பாதை. இதைச் சொன்னால் நகரத்து அன்பர்கள், "வெறும் முள்ளுக்காடு மாதிரி இருக்குமே சார்" என்கிறார்கள். இருக்கட்டுமே! தூக்கணாங்குருவிக்கு வெள்வேலில் கூடு கட்டுவதில் எந்தக் குறையும் தெரிவதில்லை.

அழகுக்காக வெளிநாட்டு மரங்களை வரிசையாக நட்டதன் பலனைச் சென்னை 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயலின்போது கண்டது. ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. அவற்றில் தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் ஏராளம். ஆனால் பழி முழுவதையும் அயல் மரங்கள்மேல் போடுவதும் சரியல்ல. சாக்கடை வெட்டும்போது ஒருபக்க வேர் முழுவதையும் அறுத்துவிட்டால், வேம்பும் விழத்தான் செய்யும். அடிமரம் வரை சிமெண்ட் பூசிய மரம் எதுவானாலும் தொட்டியில் நிற்பதற்கு ஒப்பானதே. கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டுச் செடி விரைவாகப் பச்சை கட்டுகிறது என்று பல ஊர்களில் நட்டார்கள். குஜராத் அரசு 2023-லும் தமிழ்நாடு அரசு 2025-லும் அதற்குத் தடை விதித்தன. நட்டதற்கு ஒரு செலவு, பிடுங்குவதற்கு இன்னொரு செலவு.

நகரத்து மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலியிடம் என்று ஒதுக்குவது பெரும்பாலும் கட்டட இடிபாடு கொட்டிய இடமாக இருக்கும். மேலே அரையடி செம்மண் தெரியும். கடப்பாரையை இறக்கினால் செங்கல். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் களர்த்தன்மை ஏறிவிடும். இரண்டடிக் குழி எடுத்து எரு போட்டால் மட்டும் தீராது. இடிபாட்டை அள்ளிவிட்டு ஏரி வண்டல் கொட்ட வேண்டும். முடியாவிட்டால், அந்த மூலையைக் காட்டுக்கு என்று ஒதுக்காமல் உட்காரும் இடமாக விட்டுவிடுவது உத்தமம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2017-ல் கொங்குப் பகுதியில் ஒரு நகரத்தின் ஓரத்தில் 3 ஏக்கரில் காடு அமைக்கக் குழு ஒன்று போட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். நானும் அக்குழுவில் ஓர் உறுப்பினர். உள்ளூர் மரங்களே வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன், ஒப்புக்கொண்டார்கள். அந்த உற்சாகத்தில் பக்கத்துக் கிராமத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் விவசாயியிடம் போனேன். வயது அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை, கிணறு வற்றினால் ஆடு மட்டுமே வருமானம். "அம்மா, இந்த ஆனி ஆடியில் வேப்பம்பழமும் இலுப்பையும் நாவலும் பொறுக்கிப் பை போடுங்கள். அடுத்த புரட்டாசியில் நகரத்துக் காட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள்" என்று சொன்னேன். அவர் 4,000 பைகள் போட்டார். பட்டியில் ஆடுகள் அசைபோட்டுத் துப்பிய வெள்வேல விதையையும் சேர்த்து வைத்து முளைக்கப் போட்டார். எனக்கே தோன்றாத யோசனை அது. சித்திரை, வைகாசியில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்.

2018 புரட்டாசியில் நடவு. நாற்றுகளோ, கோதாவரிக் கரையில் ராஜமுந்திரியை ஒட்டிய கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வந்து இறங்கின. காரணத்தைக் கேட்டேன். "கன்றின் உயரம் எட்டடிக்குக் குறையக்கூடாது" என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி இருந்தது. நடவு விழாவன்றே காடு மாதிரித் தெரிய வேண்டுமாம். அந்த அம்மாவின் கன்றுகள் இரண்டடி. அந்த வரி இருந்த கூட்டக் குறிப்பில் என் கையெழுத்தும் இருந்தது. மர வகைகளின் பட்டியலை மட்டும் படித்துவிட்டு மற்றதைப் படிக்காமல் போட்ட கையெழுத்து.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "ஏனுங்க தம்பி, நீங்க சொன்னீங்கன்னுதானுங்க பை போட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் குடிநீருக்கே லாரி கிடைக்காத நிலை. காட்டுக்குத் தண்ணீர் நின்றதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆடி மாதம் போய்ப் பார்த்தேன். பெரும்பாலானவை பட்டிருந்தன. ஒரு கன்றைப் பிடுங்கினேன். கஷ்டப்படாமல் கையோடு வந்தது. நட்டு ஓராண்டாகப் போகிறது, வேர் பையின் வடிவத்திலேயே உருண்டையாகச் சுருண்டிருந்தது. பக்கத்து மண்ணுக்குள் ஒரு விரல்கூடப் போகவில்லை. பைக்குள் பல காலம் இருந்து உயரத்தில் மட்டும் வளர்ந்த கன்றின் கதி இதுதான். இரண்டடிக் கன்றின் ஆணிவேர் முதல் மழையிலேயே கீழே பாயும். எட்டடிக் கன்று முட்டுக்கொம்பை நம்பி நிற்கும். உங்கள் வயலில் முற்றிய நாற்றை நட்டுப் பார்த்தவர்கள்தானே நீங்கள்?

இங்கே என் ஆட்சேபம் ஒரு காலக்கணக்கைப் பற்றியது. அலுவலகத்தில் பணம் ஒதுக்கீடாகி, மார்ச்சுக்குள் செலவாக வேண்டும் என்று நாற்றுத் தேடினால், எங்கே உயரமாகக் கிடைக்கிறதோ அங்கேதான் வாங்குவார்கள். மரத்தின் கணக்கு வேறு. வேப்பம் விதை எடுத்த இரண்டு மூன்று வாரங்களில் முளைப்புத் திறனை இழக்கத் தொடங்கிவிடுகிறது. நாவலும் இலுப்பையும் அப்படித்தான். காயவைத்துக் கட்டிவைத்தால் வெறும் கொட்டை. ஆனி, ஆடியில் விதைத்தால் மறு ஆண்டு புரட்டாசியில் நடலாம். ஆகவே, ஒரு நகரம் அடுத்த ஆண்டு ஐப்பசிக்குள் காடு நடுவதாக இருந்தால், எந்த மரம், எத்தனை, யார் வளர்ப்பது என்பதை இந்த ஆண்டு வைகாசிக்குள் முடிவு செய்ய வேண்டும். வரைபடத்துக்கும் முன்னால் போட வேண்டிய கையெழுத்து நாற்றுக்கான ஆணையில் இருக்க வேண்டும். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-ல் தொடங்கி, மாநிலத்தின் காடு மற்றும் மரப்பரப்பை 33 சதத்துக்கு உயர்த்துவதை நோக்கமாக அறிவித்தது. அதற்கு வேண்டிய நாற்றில் ஒரு பங்கையாவது அந்தந்த வட்டாரத்துச் சிறு விவசாயிகள் ஐந்து செண்ட், பத்து செண்ட் நிழலில் வளர்த்துத் தர முடியும். பத்து செண்ட் என்பது 400 சதுர மீட்டர். வழிநடை, தண்ணீர்த் தொட்டி போக, 10,000 பைகளைத் தாராளமாக அடுக்கலாம்.

ஆனால் விவசாயப் பெருமக்களுக்கு என் எச்சரிக்கையும் உண்டு. என்னைப் போன்ற ஒருவர் வந்து, "எடுத்துக்கொள்வார்கள்" என்று சொன்னதை நம்பி ஒரு பைகூடப் போடாதீர்கள். எழுத்தில் ஆணை வேண்டும்; அதில் மர வகை, எண்ணிக்கை, எடுக்கும் மாதம், கன்றின் வயது எல்லாம் இருக்க வேண்டும். உயரம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் படித்துப் பாருங்கள். பைக்கும் மண்ணுக்குமான செலவை முன்பணமாகக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால், நாலைந்து பேர் சேர்ந்தோ உழவர் குழு மூலமாகவோ கேட்கலாம். ஆணையில்லாமல் வளர்ப்பதாக இருந்தால், விற்காவிட்டாலும் உங்கள் வேலிக்கும் வரப்புக்கும் ஆகிற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நகரத்தின் ஓரத்தில் காட்டுக்கு இடம் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது மேய்க்கால் புறம்போக்கு. வரைபடத்தில் அது தரிசு. ஆடு வைத்திருக்கும் நாலு குடும்பங்களுக்கோ அதுதான் சோறு. அப்படிப்பட்ட இடத்தில் கம்பி வேலி போட்டுக் காடு வளர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கொரங்காட்டு முறையில் மரத்தைத் தள்ளி நட்டு, கன்று தலையெடுக்கும் வரை இரண்டு மூன்று ஆண்டுகள் பகுதி பகுதியாக அடைத்து வைத்து, பிறகு மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டால் காடும் இருக்கும், ஆடும் இருக்கும். கிராம சபையில் இந்தப் பேச்சு வரும்போது விவசாயிகள் எழுந்து கேட்க வேண்டும். நட்டு முடித்தபின் கேட்டுப் பயனில்லை.

விதை சேகரிப்பைப் பற்றி: கோயில் காட்டில் எடுப்பதாக இருந்தால் ஊராரிடம் கேட்டுக்கொண்டு, உதிர்ந்த பழத்தை மட்டும் பொறுக்குங்கள், பறவைக்கும் முளைப்பதற்கும் பாதியை விட்டுவிடுங்கள். ஒரே மரத்தடியில் அள்ளாமல் பத்துப் பதினைந்து மரங்களிலிருந்து கலந்து எடுப்பது நல்லது. வேப்பம்பழத்தைச் சதை போகக் கழுவி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, உடனே விதைக்கவும். புங்கங்காய் பங்குனி, சித்திரையில் கிடைக்கும். அது சில மாதம் தாங்கும். வெள்வேல விதைக்குத் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஆறவிட்டு ஓர் இரவு ஊறவைக்கலாம், அல்லது அந்த அம்மாவைப் போல் ஆட்டுப்பட்டியில் தேடலாம். பைக்குச் செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு. பையின் அடியில் வேர் எட்டிப்பார்த்தால் பையை இடம் மாற்றி வையுங்கள். இல்லையேல் வேர் தரையில் இறங்கி, எடுக்கும்போது அறுந்துவிடும். பனைக்குப் பை தேவையில்லை. ஆவணி, புரட்டாசியில் கொட்டையை நேரே நடும் இடத்தில் புதைத்தால் போதும்.

அந்த 4,000 கன்றுகளில் விற்றவை கொஞ்சம், பட்டவை கொஞ்சம். மீதியை அந்த அம்மா தம் வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் நட்டுவிட்டார். புங்கம் இப்போது காய்க்கிறது. சென்ற ஆண்டு வேறொரு பேரூராட்சியிலிருந்து ஒருவர் நாற்றுக் கேட்டு அவரைத் தேடிப் போனாராம். நான்தான் வழி சொல்லி அனுப்பியிருந்தேன். எத்தனை கன்று, என்ன விலை என்று அவர் ஆரம்பித்தவுடன் அந்த அம்மா, "முதல்ல எழுதிக் குடுங்க. அந்தத் தம்பி அனுப்புனாருன்னாலும் எழுதித்தான் குடுக்கோணும்" என்றாராம்.